பேனல் ரூம் கேள்வி–பதில்: லேப்டாப் கூப்பிடுகிறது, பிஎல்சி திரும்பிப் பார்க்கவில்லை

இந்த மாதம் மோட்டாரைப் பற்றியும் கான்டாக்டரைப் பற்றியும் யாருமே கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் லேப்டாப்பும், மெஷினை இயக்கும் சிறு கம்ப்யூட்டரான பிஎல்சியும் பேச மறுக்கிற கதைதான். சரி, இந்த இதழை அதற்கே கொடுத்துவிடலாம். ஒரு வேண்டுகோள் மட்டும். "கம்யூனிகேஷன் எரர் வருகிறது, என்ன செய்ய?" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். எந்த பிஎல்சி, எந்தக் கேபிள், எந்த விண்டோஸ், கேபிளில் விளக்கு எரிந்ததா, மெஷின் ஓடும்போதா நிற்கும்போதா? இதெல்லாம் தெரிந்தால்தான் நானும் இங்கே உட்கார்ந்துகொண்டு வாய் திறக்க முடியும்.

திருப்பூரில் டையிங் யூனிட் ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன் சார். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் மிட்சுபிஷி எஃப்எக்ஸ்1என் பிஎல்சி இருக்கிறது. பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பில் யூஎஸ்பி எஸ்சி-09 கேபிளைப் போட்டால் உடனே கனெக்ட் ஆகும். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் அதே கேபிளைப் போட்டால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வருகிறது. பிஎல்சி போர்ட் போய்விட்டதா?

பழைய லேப்டாப்பில் கனெக்ட் ஆகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் போர்ட்டை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்? மஞ்சள் முக்கோணம் இருக்கும்வரை கேபிளின் மறுமுனை பிஎல்சியில் சொருகியிருந்தாலும் ஒன்றுதான், காற்றில் தொங்கினாலும் ஒன்றுதான். பேச்சு லேப்டாப்பை விட்டே இன்னும் வெளியே வரவில்லை.

அந்தக் கேபிளில் தடிமனாக ஓர் இடம் இருக்கும், பாருங்கள். அதற்குள் யூஎஸ்பியை சீரியலாக மாற்றும் சிப் இருக்கிறது. எஃப்டிடிஐ, புரோலிஃபிக், சிஎச்340, சிபி2102 என்று நாலைந்து வகைதான் சந்தையில் ஓடுகிறது. முக்கோணத்தை இரண்டு முறை கிளிக் செய்து என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். "கோட் 10" என்றோ, பிஎல்2303 சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்ற பொருளிலோ ஒரு வரி இருந்தால், உங்கள் கேபிளில் இருப்பது புரோலிஃபிக்கின் பழைய சிப், அல்லது அதன் போலி. சந்தையில் போலி பெருகியதால், பழையதையும் போலியையும் ஏற்காதபடி புது டிரைவரை (சிப்போடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருளை) எழுதிவிட்டார்கள். விண்டோஸ் 7-ல் பழைய டிரைவர் இருந்ததால் உங்கள் கேபிள் பிழைத்தது. எஃப்டிடிஐ 2014-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் டிரைவர், போலிச் சிப்பின் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதற்குப் பிறகு அந்தக் கேபிளை எந்தக் கம்ப்யூட்டரும் சாதாரணமாகக் கண்டுகொள்ளாது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போதைக்கு ஒரு வழி உண்டு. டிவைஸ் மேனேஜரில் டிரைவரை அப்டேட் செய்யும் இடத்துக்குப் போய், கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்பதைச் சொடுக்கி, பழைய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் பழைய லேப்டாப்பில் இருக்கும் டிரைவரின் பதிப்பு எண்ணைப் பார்த்து அதைத் தேடிப் போடுங்கள். ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட் புது டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடலாம். ராத்திரி ஷிஃப்டில் துணி பாதிச் சாயத்தில் நிற்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம். முதலாளியிடம் சொல்லி ஒரிஜினல் சிப் போட்ட கேபிள் ஒன்று வாங்குங்கள். ஒரு பேட்ச் துணி பாழாவதோடு ஒப்பிட்டால் கேபிள் விலை ஒன்றுமே இல்லை.

முக்கோணம் போனதும் அடுத்த சிக்கல் காத்திருக்கும். லேப்டாப் அந்தக் கேபிளுக்கு சீரியல் போர்ட் எண்ணாக காம் 11 என்றோ காம் 14 என்றோ கொடுத்திருக்கும். பழைய மென்பொருள் சிலவற்றின் பட்டியலில் அவ்வளவு பெரிய எண்ணே கிடையாது. போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் காம் 3 ஆக்கிவிடுங்கள். "ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று மிரட்டும். முன்பு எப்போதோ சொருகிய ப்ளூடூத்தோ வேறு கேபிளோ பிடித்து வைத்திருக்கும் பழைய எண்ணாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று, சீரியல் எண் இல்லாத சிப்பை ஒவ்வொரு யூஎஸ்பி ஓட்டையில் சொருகும்போதும் விண்டோஸ் ஒவ்வொரு காம் எண் கொடுக்கும். ஒரே ஓட்டையையே பயன்படுத்துங்கள். அதன் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி "பிஎல்சி" என்று எழுதி வையுங்கள். பிறகு பிஎல்சி மென்பொருளின் டிரான்ஸ்ஃபர் செட்டப்பில் அதே எண்ணைக் கொடுத்து கம்யூனிகேஷன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.

பின்குறிப்பாக ஓர் எச்சரிக்கை. எஃப்எக்ஸில் இருக்கும் வட்டமான 8 பின் சாக்கெட்டும் டெல்டா டிவிபியில் இருக்கும் வட்டமான 8 பின் சாக்கெட்டும் பார்க்க அச்சு அசல் ஒன்று. உள்ளே ஓடும் சிக்னல் முறை வேறு. எஃப்எக்ஸ் ஆர்எஸ்-422, டெல்டா ஆர்எஸ்-232. அதன் கேபிளை இதில் சொருகினால் நன்றாகவே உட்காரும், பேசாது. சில சமயம் போர்ட்டையும் கொண்டுபோய்விடும். கேபிளின் கழுத்தில் பெயர் எழுதி வையுங்கள்.

பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் அண்ணா. புராஜெக்டுக்கு டெல்டா டிவிபி பிஎல்சி வாங்கினோம், செகண்ட் ஹேண்ட். கேபிள் சரி, காம் போர்ட் சரி, டிரைவரும் சரி. கனெக்ட் மட்டும் ஆகவில்லை. 9600, 8, என் (பாரிட்டி இல்லை), 1 கொடுத்துப் பார்த்தோம்.

தம்பி, கடைசி வரியில் விடையையும் சேர்த்தே எழுதிவிட்டீர்கள். டெல்டா பிஎல்சியின் காம் 1 போர்ட் கம்பெனியிலிருந்து வரும்போது வேகம் (பாட் ரேட்) 9600, 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டையாக்கச் சேர்க்கும் சோதனை பிட்), 1 ஸ்டாப் பிட், ஆஸ்கி முறை (எழுத்துகளாக அனுப்புவது), ஸ்டேஷன் நம்பர் 1. மிட்சுபிஷி எஃப்எக்ஸும் 9600, 7, ஈவன், 1 தான். ஆலன் பிராட்லி மைக்ரோலாஜிக்ஸ் 1200 என்றால் 19200, 8, பாரிட்டி இல்லை. சீமென்ஸ் எஸ்7-200 என்றால் பிபிஐ 9.6 கிலோபிட், முகவரி 2. வேலைக்குப் போகுமுன் இந்த நாலும் மனப்பாடமாக இருக்கட்டும்.

7-ஈவனுக்கும் 8-பாரிட்டி இல்லாததற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஸ்டார்ட் பிட் 1, டேட்டா 7, பாரிட்டி 1, ஸ்டாப் 1, ஆக 10 பிட். மற்றதில் ஸ்டார்ட் 1, டேட்டா 8, ஸ்டாப் 1, அதுவும் 10 பிட். நீளம் ஒன்றேதான். அதனால்தான் கேபிளில் விளக்கு மினுக்குகிறது, ஏதோ போய் வருகிற மாதிரியும் தெரிகிறது. ஒரு பக்கம் பாரிட்டி என்று அனுப்பும் பிட்டை இன்னொரு பக்கம் எட்டாவது டேட்டா பிட் என்று படிக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்கியில் '3' என்ற எழுத்தில் நான்கு ஒன்றுகள் இருக்கின்றன, இரட்டைப்படை. பாரிட்டி 0, எழுத்து ஒழுங்காகப் போய்ச் சேரும். '1' என்ற எழுத்தில் மூன்று ஒன்றுகள். இரட்டையாக்க பாரிட்டி 1 ஆகும். ஹெக்ஸில் 31 என்று போகவேண்டியது பி1 என்று போய் விழும். டெர்மினல் மென்பொருளில் பாதி எழுத்து சரியாகவும் பாதி குப்பையாகவும் வந்தால் பாரிட்டியைப் பாருங்கள். முழுக்க முழுக்கக் குப்பை என்றால் முதலில் பாட் ரேட்டைப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்பதால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. பழைய சொந்தக்காரர் ஹெச்எம்ஐயோ (ஆபரேட்டர் திரை) வேறு எதையோ கோத்து, புரோகிராமுக்குள் டி1036-ல் (காம் 1 செட்டிங்ஸ் இருக்கும் இடம்) வேறு எண் எழுதி, எம்1138-ஐ (அந்த செட்டிங்ஸைப் பிடித்து வைக்கும் பிட்) செட் செய்து வைத்திருப்பார். அப்படியானால் 7-ஈவன் கொடுத்தாலும் பேசாது. பிஎல்சியில் இருக்கும் ரன்–ஸ்டாப் சுவிட்சை ஸ்டாப்பில் வைத்து, கரண்டை அணைத்து மறுபடி போடுங்கள். புரோகிராம் ஓடாததால் காம் 1 பழைய 9600, 7, ஈவன், 1-க்குத் திரும்பிவிடும். வெறுமனே ரன்னிலிருந்து ஸ்டாப்புக்குத் தள்ளினால் போதாது, கரண்ட் போய் வரவேண்டும். மேஜை மேல் இருக்கும் புராஜெக்டுக்கு இது சரி. ஓடுகிற மெஷினில் யாரையும் கேட்காமல் இப்படிச் செய்துவிடாதீர்கள்.

கேபிள் சரி என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதை எழுதவில்லை. யூஎஸ்பி–9 பின் கன்வெர்ட்டர் என்றால் பின் 2-யும் 3-யும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்துவிட்டு, டெர்மினல் மென்பொருளைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் லேப்டாப், டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் நலம். கம்பியை எடுத்ததும் எழுத்து நிற்கவேண்டும். நிற்காவிட்டால் லோக்கல் எக்கோ ஆன் ஆகியிருக்கிறது, நீங்கள் பார்த்தது உங்கள் சொந்த நிழலை.

ராஜபாளையம் ஸ்பின்னிங் மில். மெஷின் நிற்கும்போது லேப்டாப் நன்றாகக் கனெக்ட் ஆகிறது. மெயின் மோட்டார் டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஆன்லைன் அறுந்துவிடுகிறது. மென்பொருளை மூடித் திறந்தாலும் வருவதில்லை, யூஎஸ்பியைக் கழற்றிச் சொருகினால்தான் வருகிறது.

இந்த மாதம் வந்ததில் நல்ல கேள்வி இது. கழற்றிச் சொருகினால்தான் வருகிறது என்ற ஒரு வரி பாதி வேலையை முடித்துவிட்டது. சீரியல் பக்கத்தில் நாய்ஸ் (மின் இடையூறு) ஏறினால் ஒன்றிரண்டு செய்தி கெடும், மென்பொருள் மறுபடி கேட்கும், பிழைத்துக்கொள்ளும். யூஎஸ்பி பக்கம் அடிபட்டால் விண்டோஸ் அந்தக் கருவியையே பட்டியலிலிருந்து தூக்கிவிடும். லேப்டாப் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். ஆன்லைன் அறும் நொடியில், பென் டிரைவைப் பிடுங்கும்போது வருமே அந்த "டொடங்" சத்தம், அது வந்தால் குற்றவாளி யூஎஸ்பிதான். மில்லுக்குள் ஸ்பீக்கர் கேட்காது என்பதால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துப் பாருங்கள். காம் போர்ட் கண்ணெதிரே காணாமல் போகும்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். அறுவது நின்றுவிட்டால் நாய்ஸ் சுற்றி வரும் பாதை சார்ஜர் வழியாகத்தான். லேப்டாப்பின் சார்ஜர், பவர் பாயின்ட்டின் எர்த், பேனலின் எர்த், பிஎல்சியின் ஜீரோ வோல்ட், கேபிளின் ஷீல்டு எல்லாம் சேர்ந்து ஒரு வட்டமாகிவிடுகிறது. டிரைவ் உள்ளே நொடிக்குப் பல ஆயிரம் முறை சுவிட்ச் ஆகும்போது பிறக்கும் கரண்ட் அந்த வட்டத்தில் ஓடுகிறது. சில பேனல்களில் டிரைவின் எர்த்தும் பிஎல்சியின் எர்த்தும் ஒரே மெல்லிய பச்சைக் கம்பியைப் பங்கு போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு பின் சார்ஜர் என்றால் கதை வேறு. எர்த் இல்லாத லேப்டாப்பின் உலோக உடம்பில் கை வைத்தால் சுருசுருவென்று இருக்குமே, அது சார்ஜருக்குள் இருக்கும் சிறு கெபாசிட்டர்கள் வழியாக வரும் கசிவு. மீட்டரில் பார்த்தால் 230-ல் ஏறக்குறைய பாதி காட்டும். மனிதனை ஒன்றும் செய்யாத அளவு கரண்ட்தான். ஆனால் தனிமைப்படுத்தப்படாத பிஎல்சி போர்ட்டில் கேபிள் முதன்முதலில் தொடும் கணத்தில் அந்தப் போர்ட்டைக் கெடுக்க அது போதும். அதனால் சார்ஜர் மாட்டியிருக்கும்போது கேபிளைச் சொருகாதீர்கள், பிடுங்காதீர்கள்.

பேட்டரியில் ஓட்டியும் அறுந்தால், கேபிள் போகிற வழியைப் பாருங்கள். மோட்டார் கேபிளோடு ஒட்டி உரசிக்கொண்டு ஓடக்கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர் குறுக்காகப் போகட்டும். யூஎஸ்பி பாகம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எக்ஸ்டென்ஷன் போட்டு நீட்டாதீர்கள், நீளம் வேண்டுமென்றால் சீரியல் பக்கத்தில் நீட்டுங்கள். தினமும் கனெக்ட் செய்கிற வேலை என்றால் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் (இரு பக்கத்துக்கும் நேரடி மின் இணைப்பு இல்லாதது) வாங்குங்கள். வாங்கும்போது ஐசொலேஷன் வோல்டேஜ் போட்டிருக்கிறதா என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள். பெட்டி மேல் "இண்டஸ்ட்ரியல்" என்று அச்சடித்திருப்பதை நான் நம்புவதில்லை.

ஓசூர். எஸ்7-1200 பிஎல்சி, 192.168.0.1. லேப்டாப்பில் 192.168.0.50 கொடுத்திருக்கிறேன். பிங் சோதனைக்குப் பதில் வருகிறது, சீமென்ஸின் டிஐஏ போர்ட்டல் மென்பொருளில் மட்டும் பிஎல்சியைக் காணோம்.

பிங்குக்குப் பதில் சொல்வது உங்கள் பிஎல்சிதானா? ஈதர்நெட் கேபிளைப் பிஎல்சி பக்கம் பிடுங்கிவிட்டு மறுபடி பிங் செய்யுங்கள். அப்போதும் பதில் வந்தால், வைஃபையில் இருக்கும் ரவுட்டரோ சிசிடிவி பெட்டியோ அதே 192.168.0.1-ல் உட்கார்ந்திருக்கிறது. இந்த எண்கள் எல்லார் வீட்டு ரவுட்டரிலும் இருப்பவை. வைஃபையை அணைத்துவிட்டு வேலை பாருங்கள். கட்டளைத் திரையில் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்ற பட்டியல்) எடுத்து, அங்கே தெரியும் மேக் முகவரியையும் (கருவியின் சொந்த எண்) பிஎல்சி மேல் அச்சடித்திருப்பதையும் ஒத்துப் பாருங்கள், சந்தேகமே இருக்காது.

பிஎல்சிதான் பதில் சொல்கிறது என்றால், போர்ட்டலில் பிஜி/பிசி இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் எந்த நெட்வொர்க் கார்டு தேர்வாகியிருக்கிறது? விஎம்வேர் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) போட்ட லேப்டாப்பில் அது வைத்துவிட்டுப் போன பொய்க் கார்டு தேர்வாகியிருப்பது சகஜம். அதுவும் சரி என்றால் கம்பெனியின் செக்யூரிட்டி மென்பொருள் போர்ட்டல் பிஎல்சியோடு பேசும் டிசிபி 102 என்ற நெட்வொர்க் கதவை மறித்திருக்கலாம். பிங் அந்தக் கதவு வழியாகப் போவதில்லை, அதனால் அது வந்துகொண்டேதான் இருக்கும். மோட்பஸ் டிசிபி என்றால் 502, ஆலன் பிராட்லியின் ஈதர்நெட் ஐபி என்றால் 44818. ஐடி ஆட்களிடம் எண்ணோடு போய்க் கேளுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

அஜ்மானில் தண்ணீர் பாட்டில் ஆலையில் வேலை. புதிதாக மாற்றிய மைக்ரோலாஜிக்ஸ் 1400. லேப்டாப் 169.254-ல் தொடங்கும் ஒரு முகவரியைக் காட்டுகிறது. ஐபியை மாற்றப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. ஐடி துறை தர மறுக்கிறது.

169.254 என்பது, முகவரி கொடுக்க யாருமே இல்லாததால் விண்டோஸ் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண். புது மைக்ரோலாஜிக்ஸும் முகவரி இல்லாமல்தான் வரும், பூட்பி (நெட்வொர்க்கில் முகவரி கேட்டு வாங்கும் முறை) வழியாக யாராவது கொடுப்பார்கள் என்று காத்திருக்கும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1400-ன் முகப்பில் சின்னத் திரை இருக்கிறதே, அதன் அட்வான்ஸ்டு மெனுவில் ஈநெட் கான்ஃபிக் பகுதியில் ஐபியை நேரடியாகவே போட்டுவிடலாம்.

ஐடி துறையிடம் முழு அட்மின் உரிமை கேட்காதீர்கள், தரமாட்டார்கள், தராமல் இருப்பதும் நியாயம்தான். விண்டோஸில் "நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்" என்று ஒரு குழு ஏற்கெனவே இருக்கிறது. அதில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐபி மாற்ற அது போதும்.

பழைய மெஷின். லேப்டாப் கனெக்ட் ஆகிறது, பிஎல்சியிலிருந்து புரோகிராமை எடுக்க அப்லோட் கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. மெஷின் விற்றவர் போனை எடுப்பதில்லை. உடைக்க வழி சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். இது கம்யூனிகேஷன் கோளாறும் இல்லை. இன்புட், அவுட்புட் வயரிங்கைப் பார்த்து, மெஷின் ஓடும் வரிசையைக் குறித்து, புதிதாக எழுதக்கூடிய ஆளைப் பிடியுங்கள். அடுத்த முறை மெஷின் வாங்கும்போது பாஸ்வேர்டும் புரோகிராமும் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

மென்பொருளை இன்ஸ்டால் செய்ய வந்தவர், ஆன்டிவைரஸ் இருந்தால் பிஎல்சி கனெக்ட் ஆகாது, நிரந்தரமாக எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்கலாமா? — கரூர் வாசகர்

எடுக்காதீர்கள். மறிக்கிறதா என்று அறிய, நெட்டிலிருந்து பிரித்துவிட்டு ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அதுதான் காரணம் என்றால் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் புழுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈரானின் நதான்ஸ் யுரேனிய ஆலையைக் குறிவைத்தது. அது பரவிய வழிகளில் ஒன்று பென் டிரைவ். உட்கார்ந்த இடம் பிஎல்சிக்குப் புரோகிராம் எழுதும் விண்டோஸ் கம்ப்யூட்டர். சீமென்ஸ் ஸ்டெப் 7 மென்பொருள் பிஎல்சியோடு பேசப் பயன்படுத்தும் டிஎல்எல் கோப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன்னுடையதை வைத்தது. இன்ஜினியர் பிளாக்கைத் திறந்தால் பழைய புரோகிராம் அப்படியே தெரியும், பிஎல்சிக்குள் ஓடுவது வேறாக இருக்கும். கனெக்‌ஷனில் ஒரு குறையும் இருக்காது. உங்கள் கரூர் ஆலையை அந்த அளவுக்கு யாரும் தேடி வரப்போவதில்லை. ஆனால் புரோகிராமிங் லேப்டாப்பில் படம் பார்ப்பது, யாரோ கொடுத்த பென் டிரைவைச் சொருகுவது எல்லாம் வேண்டாம்.

நாமக்கல் தீவன ஆலை. யூஎஸ்பி–ஆர்எஸ்-485 கன்வெர்ட்டர் வழியாக நான்கு டெம்பரேச்சர் கன்ட்ரோலர்களைப் படிக்கப் பார்க்கிறேன். ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை. ஏ-யை ஏ-யோடும் பி-யை பி-யோடும்தான் கோத்திருக்கிறேன்.

மாற்றிக் கோத்துப் பாருங்கள், எதுவும் எரியாது. எது ஏ, எது பி என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி எழுதுவது தலைகீழ். அதிலும் வராவிட்டால் மூன்றை அவிழ்த்துவிட்டு ஒன்றோடு மட்டும் பேசுங்கள். நான்குமே கம்பெனி வைத்த ஸ்டேஷன் 1-லேயே இருந்தால் நான்கும் ஒரே நேரத்தில் கத்தும், லேப்டாப்புக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். நீளம் அதிகமென்றால் லைனின் இரண்டு கடைக்கோடி முனைகளில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் இருப்பவற்றுக்கு வேண்டாம்.